ஈரத்துண்டு வீடு மாறியது

பதினைந்து வருஷமாக நான் ஒரு வலைப்பூ எழுதி வந்தேன். பெயர் ‘ஈரத்துண்டு’. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவன் தோளில் கிடக்குமே, அதுதான். உதறினால் பக்கத்தில் நிற்பவன் முகத்தில் தெறிக்கும். முறுக்கி அடித்தால் முதுகில் சுள்ளென்று விழும். தென்காசி வட்டாரத்துப் பெரியமனிதர்களின் முதுகுக்காகவே அதை முறுக்கி வைத்திருந்தேன்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவரைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டவரை அடித்திருக்கிறேன். ஏ.டி.எம். எந்திரத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றி அரைமணி நேரம் பேசிய பிரமுகரை அடித்திருக்கிறேன். ஒரே பொன்னாடையை மூன்று விழாவில் மூன்று பேருக்குப் போர்த்திய இலக்கியச் செயலாளரைக் கையும் களவுமாகப் பிடித்தது நான்தான். பொன்னாடையில் ஒரு சாம்பார்க் கறை இருந்தது. மூன்று புகைப்படத்திலும் அதே இடத்தில் அதே கறை. அந்தக் கட்டுரையால் எனக்குப் பெரும்பெயர் கிடைத்தது. அதாவது, பதினோரு பின்னூட்டம். அதில் நாலு நான் சொன்ன நன்றி.

ஆனால் ஊரில் எல்லா வாரமும் யாராவது அலட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. சில வாரம் எல்லோரும் ஒழுங்காக இருந்து தொலைப்பார்கள். அந்த மாதிரி வறண்ட வாரங்களில் நான் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பேன். அங்கே என் மனைவி ஜோதிலட்சுமி இருப்பாள்.

ஜோதிலட்சுமி அரசு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் எழுத்தில் அவளுக்குப் பெயர் ‘மேலிடம்’. மேலிடம் புளிக்குழம்பு வைத்தது, மேலிடம் ஸ்கூட்டி பழகியது, மேலிடம் என் சம்பளத்துக்கு வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்தது என்று எழுதுவேன். பெண்டாட்டியைப் பற்றி எழுதினால் தமிழில் சிரிக்காத ஆளே கிடையாது. சிரிப்பு வராதவன்கூடப் பழக்கதோஷத்தில் சிரித்துவைப்பான். அவள் இதையெல்லாம் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை. அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசவில்லை என்றால் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம். நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். என் கண்காணிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

இந்த ஜூலையில் ஈரத்துண்டை வேறு தளத்துக்கு மாற்றலாம் என்று யோசனை சொன்னது அப்துல் ஜப்பார். கூலக்கடை பஜார் பக்கம் பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், என் முதல் வாசகர், பல கட்டுரைகளுக்குக் கடைசி வாசகரும் அவரே.

“அண்ணாச்சி, பழைய வீட்டுல யாரு இருக்கா? உள்ள நுழைஞ்சா முடி வளர எண்ணெ விளம்பரந்தான் நிக்கி. புதுசா ஒரு தளம் இருக்கு. நீங்க எழுதி ஒரு அமுக்கு அமுக்கினா நேரா அவங்கவங்க மெயிலுக்கே போயிரும். படிக்கிறவன் உங்களத் தேடி வரவேண்டாம். நீங்க அவன் வீட்டுக்குப் போயிருதீங்க.”

“கூப்பிடாமலா?”

“கூப்பிட்டுப் போற வீடு உங்களுக்கு எத்தனை இருக்கு?”

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

அந்தச் சமயத்தில்தான் ஜோதிலட்சுமிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. திருவேங்கடம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. இருபத்தாறு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் சக ஆசிரியர்கள் பெரிதாகவே பிரிவு உபசார விழா ஏற்பாடு செய்தார்கள். சனிக்கிழமை, குற்றாலத்தில், ஒரு மண்டபத்தில். சீசன் நேரம். டீச்சரை வழியனுப்பியது மாதிரியும் ஆச்சு, எல்லோரும் குளித்தது மாதிரியும் ஆச்சு. அவள் ஏற்புரை சொல்ல வேண்டும்.

பத்து நாளாக ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை மேலகரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசலில், வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் பேசினால் அருவிச் சத்தத்துக்கும் குரல் நிற்கும் என்பது அவள் கணக்கு. எனக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டினேன். நாலாம் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ‘தண்ணீர் குடி’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. எனக்கு அது போதும். ஓரத்தைப் படித்தேன். ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்த வரியைப் படிக்கவில்லை.

அன்றைக்கே எழுதி முடித்தேன். அதில் ஒரு பத்தி இது:

‘மேலிடத்தின் பதவி உயர்வை முன்னிட்டு எங்கள் புறவாசலில் வாஷிங் மெஷின் தலைமையில் பாராட்டு விழா நடைபெற்று வருகிறது. ஏற்புரையை முழுசாகக் கேட்க அது ஒன்றுதான் முன்வந்தது. தண்ணீர் வடியும்போது விம்முகிறது, பிழியும்போது கைதட்டுகிறது. பேச்சின் நடுவே ஓரிடத்தில் “தண்ணீர் குடி” என்று மேலிடம் தனக்குத்தானே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த இடத்தில் சபை உருக வேண்டும் என்பது ஏற்பாடு. கட்சித் தலைவர்களுக்குக்கூட டம்ளரை நீட்ட உதவியாளர் வேண்டும். மேலிடம் சகலத்தையும் தன் கையாலேயே செய்துகொள்கிறது.’

விழா முடிந்தபிறகு போடலாம் என்று வரைவில் வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, காப்பியைக் குடித்துவிட்டு வீடு மாற்றும் வேலையில் உட்கார்ந்தேன். பழைய தளத்திலிருந்து அறுநூற்றுச் சொச்சம் கட்டுரைகளையும் ஒரே மூட்டையாக இறக்கிப் புதிய தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அது மூன்று கேள்வி கேட்டது.

வரைவில் உள்ளவற்றையும் கொண்டுவந்து வெளியிடலாமா? நான் வரைவில் வைத்திருப்பவை பெரும்பாலும் பாதியில் நின்ற காவியங்கள். என்றைக்காவது ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று நினைத்து, ஆம் என்றேன்.

வாசகர்களை எப்படிச் சேர்க்கிறீர்கள்? பழைய தளத்தில் எனக்கு இருந்த வாசகர்கள் முப்பத்தெட்டு. அந்த எண்ணைத் திரையில் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. புது வீட்டுக்குப் போகும்போது முப்பத்தெட்டுப் பேரோடா போவது? கீழே ‘உங்கள் மெயில் முகவரிப் புத்தகத்தை அப்படியே சேர்க்கலாம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். நானூற்றுப் பதினேழு. மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது: உங்கள் மிகச் சமீபத்திய கட்டுரையை வரவேற்பு மடலாக எல்லோருக்கும் அனுப்பலாமா? சமீபத்தியது என்றால் போன வாரம் போட்டது, பொன்னாடைக் கட்டுரையின் இரண்டாம் பாகம் என்று மனசில் ஓடியது. அனுப்பு என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மெயில் ஒன்றுதான். அது என் பெயரில் இருக்கிறது. ஜோதிலட்சுமிக்குத் தனியாகக் கிடையாது. பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல், விடுப்புக் கடிதம், பயிற்சி வகுப்புச் சுற்றறிக்கை எல்லாம் என் மெயிலில்தான் வரும், போகும். ‘ஏங்க, இதைக் கொஞ்சம் தட்டி விடுங்க’ என்பாள், தட்டி விடுவேன். ஆகவே என் முகவரிப் புத்தகத்தில் என் நண்பர்களைவிட அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள்தான் அதிகம். இது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசில் மெயிலைத் திறந்தால் முப்பத்தொரு பதில்கள். பதினைந்து வருஷத்தில் ஒரே நாளில் இத்தனை வந்ததில்லை. ‘செம சார்’, ‘வயிறு வலிக்குது’, ‘உங்க ஊசி எங்கயும் இறங்கும்’. நான் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிர் மேஜைக்காரரிடம் ‘இலக்கியத்துக்கு இன்னும் மரியாதை இருக்குவே’ என்றுகூடச் சொன்னேன். அவர் எந்த இலக்கியம் என்று கேட்காமல் தலையாட்டினார். கால்மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தக் கால்மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பிறகு தமிழய்யா குமரகுருவின் பதிலைத் திறந்தேன். ஜோதிலட்சுமியோடு வேலை பார்க்கிறவர், விழாவைத் தொகுத்து வழங்கப்போகிறவர். ‘அருமை ஐயா! நாளை மேடையில் டம்ளருக்கு நாங்களே ஏற்பாடு செய்துவிடுகிறோம். மேலிடம் கவலைப்பட வேண்டாம்!’ என்று எழுதி, கீழே நாலு சிரிக்கிற முகம் வைத்திருந்தார்.

என்ன போயிருக்கிறது, யாருக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அனுப்பச் சொன்ன சமீபத்தியது, செவ்வாய்க்கிழமை வரைவு.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜப்பார் கடைக்கு ஓடினேன். எந்திரத்திலிருந்து நீளமாக ஒரு பிளெக்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஜோதிலட்சுமியின் நெற்றி வந்தது, பிறகு கண்ணாடி, பிறகு முகம். ‘எங்கள் கணித மேதையே, சென்று வருக!’ என்று எழுதியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ‘மேதை’க்கு ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

“ஜப்பார், போனத திரும்ப எடுக்க முடியுமா?”

“அண்ணாச்சி, நானும் படிச்சிட்டேன். தளத்துல இருந்து தூக்கிரலாம். மெயிலுக்குப் போனது போனதுதான்.” எந்திரத்தை நிறுத்தினார். “நான் சிரிச்சேன். பொய் சொல்லப்பிடாது. வாசிச்சுக் காட்டினேன், வீட்ல நஸீபா சிரிக்கல. ‘அந்த டீச்சர் எனக்கு பத்தாங்கிளாஸ்ல கணக்கு எடுத்தவங்க, நாளைக்கு அவங்க எப்படி மைக்கு முன்னால நிப்பாங்க’ன்னு கேட்டா.”

“அவளுக்குத் தெரியாது. மெயில் பாக்கமாட்டா.”

“இன்னைக்கே சொல்லிருங்க. மேடைல போயி தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? தெரிஞ்சா பேச்சையே மாத்திக்கிடுவாங்கள்ள. அந்த ஒரு வாய்ப்பையாவது கொடுங்க.”

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று யானைப்பாலத்திலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் ஹாலில் உட்கார்ந்து சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டைக் கையில் எடுத்தாள்.

“ஏங்க, ஒரு தடவ கேளுங்களேன். பத்து நிமிஷந்தான். எங்கனயாவது உதைக்குதான்னு சொல்லுங்க.”

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாயைத் திறந்தேன்.

“நாளைக்கு அங்க வச்சே கேக்கேன். இப்பவே கேட்டா சஸ்பென்ஸ் போயிரும்லா” என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி” என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் பால் இருந்தது.

சனிக்கிழமை குற்றாலம் முழுக்க வண்டி. மேலகரத்திலிருந்து மண்டபத்துக்குப் போகவே ஒரு மணி நேரமானது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் டீச்சர்கள் பன்னீர் தெளித்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து, ஜோதிலட்சுமியைப் பார்த்ததும் உள்ளே போனது. கண்ணில் துண்டு துண்டாக அந்தச் சிரிப்பு மிச்சமிருந்தது. சண்முகப்பிரியா என்ற இளைய டீச்சர் மட்டும் என்னைப் பார்க்காமல் ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

விழாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் ‘நேரமின்மை காரணமாக’ என்று ஆரம்பித்து நேரத்தை முடித்தார்கள். பொன்னாடைகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் கறை இருக்கிறதா என்று என் கண் பழக்கத்தில் தேடியது.

இந்த மாதிரி ஏற்புரைகளுக்கு ஒரு வரிசை உண்டு. கடவுள், தலைமை ஆசிரியர், சக ஆசிரியர்கள், மாணவிகள், கடைசியில் கணவர். ‘என் உயர்வுக்குப் பின்னால் நின்றவர் என் கணவர்’ என்ற வரியைச் சொல்லாமல் எந்த டீச்சரும் மேடையை விட்டு இறங்கியதில்லை. அந்த வரி வரும்போது இரண்டாம் வரிசையில் இருக்கிற கணவர் லேசாகத் தலையைக் குனிந்து கையெடுக்க வேண்டும். எவ்வளவு குனிவது என்று அன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தேன். ஆமாம், நான்தான். நடந்ததெல்லாம் தெரிந்த பிறகும்.

ஏற்புரைக்கு அவளை அழைக்குமுன் தமிழய்யா குமரகுரு ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து மைக் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சபையைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். சபையில் கெக்கெக்கென்று ஒரு சத்தம் ஓடியது.

ஜோதிலட்சுமி பேச ஆரம்பித்தாள். நான் எதிர்பார்த்த பேச்சு அது இல்லை.

“நான் வேலைக்கு வந்த முதல் மாசம் ஒரு பிள்ளைய வகுப்புக்கு வெளிய நிறுத்தினேன். அவ வெளிய நின்னே கணக்கப் போட்டு முடிச்சிட்டா. உள்ள இருந்த நாப்பது பேரும் தப்பா போட்டிருந்தாங்க. ஒருவேளை நான்தான் வெளிய நிக்கணுமோன்னு அன்னைக்கு தோணுச்சு. அதுக்கப்புறம் யாரையும் வெளிய அனுப்பினதில்ல.”

சபை சிரித்தது. இது வேறு சிரிப்பு. அவள் அடுத்ததைச் சொன்னாள், அதற்கும் சிரித்தார்கள். அருவிச் சத்தத்துக்கு மேலே குரல் சரியாக நின்றது. நான் பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டில் நகைச்சுவை உணர்வு ஒருவருக்குத்தான் என்று எழுதி வந்திருக்கிறேன். அந்த ஒருவர் யார் என்று எனக்கு அங்கே, பிளாஸ்டிக் நாற்காலியில், நூற்றிருபது பேர் நடுவில் தெரிந்தது.

நாலாம் பக்கத்தைத் திருப்பினாள். நிறுத்தினாள்.

மண்டபமே டம்ளரைப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ ‘ம்ம்’ என்று இழுத்தார்கள். அவள் டம்ளரை எடுத்தாள். அப்போது கைதட்டினார்கள். ஒருவர் ஆரம்பித்து, பத்துப் பேர், பிறகு பாதி மண்டபம். கெட்ட எண்ணத்தில் தட்டியதாகச் சொல்லமாட்டேன். நான் எழுதிக் கொடுத்த வேடிக்கையை அவர்கள் நடத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டி, “அப்படியே நடக்குது பாத்தீங்களா” என்றார்.

ஜோதிலட்சுமி தண்ணீரை முழுக்கக் குடித்தாள். அவசரப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

“அடுத்த வரி எல்லா டீச்சரும் சொல்லுத வரிதான். உங்களுக்கே தெரியும். நான் சொன்னதா வச்சுக்கோங்க” என்றாள். நோட்டை மூடினாள். “எனக்கு இருபத்தாறு வருஷம் இடங்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு நன்றி. சாப்பாடு ஆறுதுன்னு சொன்னாங்க. வாங்க.”

இரண்டாம் வரிசையில் நான் பாதி குனிந்த நிலையில் இருந்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் துண்டையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். மண்டபத்தில் சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜோதிலட்சுமி வந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒரு மெயில் போயிருச்சு” என்றேன்.

“தெரியும்.”

“எப்போ?”

“நேத்து காலையில ஏழு மணிக்கு. சண்முகப்பிரியா போன் பண்ணி அழுதா. நான்தான் அவளச் சமாதானப்படுத்தினேன்.”

“அப்போ சாயங்காலம் நீ…”

“ஒரு தடவ கேளுங்கன்னு சொன்னேன்லா. சொல்லுதீங்களான்னு பாத்தேன்.” பொன்னாடையின் நுனியை நேராக்கினாள். “சஸ்பென்ஸ்னு சொல்லிட்டீங்க.”

சமையல்காரர் ஒரு அண்டாவைக் கவிழ்த்தார். அவள் அடுத்த பொன்னாடையை எடுத்தாள்.

“அந்தத் தண்ணி எதுக்கு?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“அந்த வரிக்குத்தான். உங்களுக்கு நன்றி சொல்லுத வரிக்கு. எழுதிட்டேன், வாயில வரல. பத்து நாளா சொல்லிப் பாக்கேன், தொண்டைக்குள்ளயே நிக்கி. தண்ணியக் குடிச்சு இறக்கிட்டா சொல்லிரலாம்னு எழுதி வச்சேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. விடைத்தாளில் எந்தப் படியில் தப்பு வந்தது என்று காட்டுகிற குரல். “பன்னெண்டு வருஷமா ஸ்டாஃப் ரூம்ல என் பேரு மேலிடம். நீங்க எழுதுதது அத்தனையும் அங்க வாசிப்பாங்க. ஒரு நாள் எட்டாங்கிளாஸ்ல கரும்பலகைல எழுதி வச்சிருந்தாளுவ. நானே அழிச்சிட்டு, அதே இடத்துல வர்க்கமூலம் நடத்தினேன்.”

“நீ என்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே.”

“சொன்னா அதையும் எழுதுவீங்க.”

எழுதியிருப்பேன். தலைப்புகூட வைத்திருப்பேன்.

“எல்லாத்தையும் அழிச்சிருதேன். நூத்தி நாப்பத்தி மூணையும்.” எண்ணிக்கை எனக்குத் தெரிந்திருந்தது. புதிய தளம் வகைப்படுத்திக் காட்டியிருந்தது.

“அழிங்க. ‘மேலிடத்து உத்தரவு’ன்னு சிரிப்பாங்க.”

“பின்ன என்னதான் செய்ய?”

“எனக்கென்ன தெரியும்” என்று எழுந்து, மடித்த பொன்னாடைகளைப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு மன்னிப்பு மடல் எழுதினேன். முதல் வரைவு நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருந்ததுதான் கோளாறு. அதில் நான் ஒரு பாவப்பட்ட கதாநாயகன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவதில் மூன்று நகைச்சுவை இருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இரண்டு வரி: ‘என் மனைவி ஜோதிலட்சுமியைப் பற்றி நான் எழுதி அனுப்பியது தவறு. மன்னிக்க வேண்டும்.’ நானூற்றுப் பதினேழு பேருக்கும் அனுப்பினேன். அந்த நூற்று நாற்பத்து மூன்றையும் தளத்திலிருந்து எடுத்தேன்.

பதில்கள் வந்தன. ‘மேலிடம் சாட்டையை எடுத்துட்டாங்க போல!’ ‘நேத்து வீட்ல சாப்பாடு கிடைச்சுதா சார்?’ தமிழய்யா குமரகுரு, ‘இரண்டே வரியில் இவ்வளவு நையாண்டியா! தங்களால்தான் முடியும்’ என்று எழுதியிருந்தார்.

ஜப்பாருக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி, அதுக்கு அவங்க என்ன செய்வாங்க? பதினஞ்சு வருஷமா அவங்கள நீங்கதான பழக்கி வச்சிருக்கீங்க” என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறேகால் பஸ்ஸுக்கு ஜோதிலட்சுமி கிளம்பிவிட்டாள். சங்கரன்கோவிலில் இறங்கி மாற வேண்டும். நானும் வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம். முதநாளே வீட்டுக்காரரோட போயி நிக்க முடியாது” என்றாள்.

பத்தரை மணிக்கு அவள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை. ஸ்டாஃப் ரூமில் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்து மேஜை காலியாக இருந்தது. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் அந்த அறைக்குள் நுழைந்தது அதுதான் முதல்தடவை. பன்னிரண்டு வருஷமாக என் எழுத்து மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

“வாங்க சார் வாங்க! எழுத்தாளரே நேர்ல வந்துட்டாரு!” என்று குமரகுரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. “நான் ஒரு மடையன்” என்று ஆரம்பித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு டீச்சருக்கு டீ புரையேறியது.

அவர்கள் மேல் தப்பில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரலே ஒரு கொக்கியைப் போட்டது, எனக்கே கேட்டது. ‘மடையன்’ என்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்காக ஒரு நொடி இடைவெளியும் விட்டிருந்தேன். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கியபிறகும் நின்றேன். அடுத்த நகைச்சுவைக்காக எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ வாஷிங் மெஷின் பக்கத்துல நின்னு பேசினது நிசம். அருவிச் சத்தத்துல குரல் கேக்கணுமேன்னு பழகினா. கேளுங்கன்னு என்கிட்டயும் கேட்டா. நான் கேக்கல. அதை நான் எழுதல. அவ நோட்டைத் திருட்டுத்தனமா பாத்துதான் அந்தத் தண்ணி விஷயத்த எழுதினேன். அது சபையை உருக்கறதுக்கு இல்ல. அது வேற. அந்தப் பேரு வச்சது நான். இனிமே அந்தப் பேரச் சொல்லி யாரும் அவளக் கூப்பிடாதீங்க. அவ இங்க இல்லைன்னாலும் சொல்லாதீங்க. பிள்ளைகளுக்கும் சொல்லிருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. குமரகுரு கையிலிருந்த டீயைப் பார்த்தார். அவர் முகம் கறுத்திருந்தது. இரண்டு பேர் வேகமாக நோட்டுகளை அடுக்கினார்கள். இடைவேளை முடிந்த மணி அடித்தபோது எல்லோருக்கும் அது பெரிய உபகாரமாக இருந்தது. எனக்கும்தான்.

சண்முகப்பிரியா வாசலில் ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். “அந்த மேஜைய வேற டீச்சருக்குக் கொடுத்தாச்சு சார். நாளைல இருந்து” என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

மத்தியானம் போன் வந்தது. புதுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஜோதிலட்சுமி. பின்னால் பிள்ளைகள் இரைச்சல்.

“பள்ளிக்கூடத்துக்குப் போனீங்களாமே.”

“ஆமா.”

“சிரிச்சாங்களா?”

“மொதல்ல சிரிச்சாங்க.”

“பெறகு?”

“பெறகு சிரிக்கல.”

அந்தப் பக்கம் யாரோ ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். இன்னொரு குரல் ‘ஏட்டி, ஹெச்.எம்.னு கூப்பிடு’ என்று அதட்டியது. இந்தப் பக்கம் நான் காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இங்கன இருந்து பஸ்ஸு ஆறே முக்காலுக்குத்தானாம். வர ஒம்பது ஆயிரும்” என்றாள். “சோறு நீங்களே வச்சு சாப்பிட்டிருங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.”